காஞ்சியில் ஒலித்த வீணை: முத்துசுவாமி தீட்சிதர் வரலாறு

காஞ்சிபுரம் பட்டுக்குப் பேர் போன ஊர். கோயிலுக்கும் பேர் போன ஊர். அந்த ஊருக்கு இன்னொரு பெருமையும் உண்டு. அதுதான் பாட்டுப் பெருமை.

ஏறக்குறைய 200 ஆண்டுகளுக்கு முன் ஓர் இளைஞர் வீணையோடு காஞ்சிக்கு வந்தார். நான்கு ஆண்டுகள் அங்கே தங்கினார். கோயில் கோயிலாகச் சென்று பாடினார். அவர் பெயர் முத்துசுவாமி தீட்சிதர்.

கர்நாடக இசையின் மும்மூர்த்திகளில் தீட்சிதர் ஒருவர். மற்ற இருவர் தியாகராஜ சுவாமிகளும் சியாமா சாஸ்திரிகளும் ஆவர். மூவரும் பிறந்த ஊர் ஒன்றே. அது திருவாரூர். மூவரும் வாழ்ந்த காலமும் ஒன்றே.

கச்சேரி மேடைகளில் பாடகர்கள் பலரும் தொடக்கத்தில் பாடும் "வாதாபி கணபதிம்" தீட்சிதர் இயற்றியது. அதைக் கேட்காத காது தமிழ்நாட்டில் அபூர்வம். ஆனால் தீட்சிதரின் இசை எதன்மேல் நின்றது என்பது பலருக்குத் தெரியாது. அது மெழுகில் பதித்த 24 உலோகத் துண்டுகளின்மேல் நின்றது! அந்த மெழுகு இளகும். அந்த உலோகம் தேயும். அவற்றைப் புதுப்பிக்காவிட்டால் எவ்வளவு நல்ல வீணையும் ஊமையாகிவிடும். தீட்சிதரின் வரலாற்றைப் படித்தால், ஒன்றைக் காப்பாற்றுவதற்கு என்ன விலை கொடுக்க வேண்டும் என்பது விளங்கும்.

தவமிருந்து பெற்ற பிள்ளை

தீட்சிதரின் தந்தை ராமசுவாமி தீட்சிதர். தாயார் சுப்பம்மாள். இவர்களுக்கு நெடுநாள் குழந்தை இல்லை. வைத்தீசுவரன் கோயிலுக்குப் போய் விரதம் இருந்தார்கள். அங்குள்ள முருகனுக்கு முத்துக்குமாரசுவாமி என்று பெயர். அவர் அருளால் பிறந்த பிள்ளை என்பதால், குழந்தைக்கு முத்துசுவாமி என்று பெயர் வைத்தார்கள்.

அவர் பிறந்தது மன்மத வருஷம் பங்குனி மாதம் கிருத்திகை நட்சத்திரத்தில். ஆங்கில ஆண்டை 1775 என்று எழுதுவாரும் உண்டு. 1776 என்று எழுதுவாரும் உண்டு. அவருக்குப் பிறகு சின்னசுவாமி, பாலுசுவாமி என்று இரண்டு தம்பிகளும் பாலாம்பாள் என்று ஒரு தங்கையும் பிறந்தார்கள்.

தந்தையே பெரிய சங்கீத வித்துவான். ஹம்சத்வனி ராகத்தை உண்டாக்கியவர் அவர்தான் என்று சொல்லுவார்கள். "வாதாபி கணபதிம்" அமைந்திருப்பதும் அந்த ராகத்தில்தான். தந்தை உண்டாக்கிய ராகத்துக்கு மகன் அழியாத புகழ் தேடித் தந்தார்!

முத்துசுவாமி சிறு வயதிலேயே வடமொழி கற்றார். பாட்டும் வீணையும் தந்தையிடம் கற்றார்.

மெட்டு வந்த கதை

வீணையை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். ஒரு புறம் பெரிய குடம். நடுவில் நீண்ட தண்டி. மறு முனையில் யாளி முகம். தண்டியின் மேல் ஏணிப்படி போல வரிசையாக உலோகத் துண்டுகள் இருக்கும். இவைதாம் மெட்டுகள். தந்தியை எந்த மெட்டின்மேல் அழுத்துகிறோமோ, அந்த மெட்டுக்கு உரிய சுரம் ஒலிக்கும்.

பழைய காலத்து வீணைகளில் ஒரு தொல்லை இருந்தது. ஒரு ராகத்துக்கு ஏற்ற மெட்டுகளை மட்டும் வைத்திருப்பார்கள். வேறு ராகம் வாசிக்க வேண்டுமானால், மெட்டுகளை இடம் மாற்ற வேண்டும். ஒவ்வொரு ராகத்துக்கும் இதே வேலை!

தஞ்சையை 1600 முதல் 1634 வரை ஆண்டவர் ரகுநாத நாயக்கர். அவர் அரசர் மட்டும் அல்ல, சங்கீதமும் அறிந்தவர். அவருடைய அமைச்சர் கோவிந்த தீட்சிதர். அந்தக் காலத்தில்தான் தஞ்சை வீணை இன்றைய உருவம் பெற்றது என்பார்கள். ஒரு ஸ்தாயிக்கு 12 மெட்டு. இரண்டு ஸ்தாயிக்கு 24 மெட்டு. இவற்றை அசையாமல் பதித்துவிட்டால் எல்லா ராகங்களையும் வாசிக்கலாம். மெட்டை நகர்த்த வேண்டாம்.

கோவிந்த தீட்சிதரின் மகன் வேங்கடமகி. ஒரு ஸ்தாயியில் உள்ள 12 சுர இடங்களை வைத்துக்கொண்டு எத்தனை வகையாகச் சுரங்களைச் சேர்க்கலாம் என்று அவர் கணக்குப் போட்டார். 72 என்று விடை வந்தது. அதுதான் புகழ்பெற்ற 72 மேளம். இங்கே மேளம் என்றால் கொட்டு மேளம் அல்ல. சுரங்களின் சேர்க்கை என்று பொருள். வீணையில் மெட்டுகளை முறையாகப் பதிப்பதற்கும் "மேளம் கட்டுதல்" என்றே பெயர்.

ராமசுவாமி தீட்சிதர் இந்த முறையை வேங்கடமகியின் வழியில் வந்த வேங்கட வைத்தியநாத தீட்சிதரிடம் கற்றார். தந்தை வழியாக அது மகனுக்கு வந்தது. ஆகவே, முத்துசுவாமி வீணையை மடியில் வைத்தபோது, அவர் விரலின் கீழ் இருந்தவை வெறும் உலோகத் துண்டுகள் அல்ல. தஞ்சைப் பெரியவர்கள் இரண்டு தலைமுறையாக அளந்து வைத்த கணக்கு அது.

மணலியிலிருந்து காசிக்கு

சென்னைக்கு அருகில் உள்ளது மணலி. அங்கே முத்துக்கிருஷ்ண முதலியார் என்ற செல்வர் இருந்தார். கலைஞர்களை ஆதரிப்பவர். அவர் அழைப்பின்பேரில் ராமசுவாமி தீட்சிதர் குடும்பத்தோடு மணலிக்கு வந்தார்.

அப்போது சென்னைக் கோட்டையில் ஆங்கிலேயர்களின் பாண்டு வாத்தியம் ஒலித்துக்கொண்டிருந்தது. தீட்சிதர் அந்த மெட்டுகளைக் கேட்டார். அவற்றுக்கு வடமொழியில் சிறு சிறு பாட்டுகள் எழுதினார். அவை "நோட்டு சுரம்" என்ற பெயரில் இன்றும் குழந்தைகளுக்குச் சொல்லித் தரப்படுகின்றன.

தம்பி பாலுசுவாமி அங்கே பிடில் கற்றார். கர்நாடக சங்கீதத்துக்குப் பிடிலைக் கொண்டுவந்தவர்களில் அவர் முதல்வர் என்று சொல்லப்படுகிறார். பிடிலுக்கு மெட்டு கிடையாது. விரலே இடம் தேடிக்கொள்ள வேண்டும். அண்ணன் கையில் மெட்டு உள்ள வீணை! தம்பி கையில் மெட்டு இல்லாத பிடில்!

ஒரு நாள் சிதம்பரநாத யோகி என்ற துறவி மணலிக்கு வந்தார். முத்துசுவாமியின் அறிவைக் கண்டு வியந்தார். தம்மோடு காசிக்கு அனுப்பும்படி கேட்டார். பெற்றோருக்கு மனம் வரவில்லை. தவமிருந்து பெற்ற பிள்ளை அல்லவா? ஆனாலும், குருவின் சொல்லைத் தட்ட முடியவில்லை. கண்ணீரோடு வழியனுப்பினார்கள்.

காசியில் தீட்சிதர் சில ஆண்டுகள் இருந்தார். வேதாந்தம் கற்றார். வடநாட்டு இசையையும் கேட்டார். அவர் பாட்டுகள் நிதானமாக, யானை நடப்பதுபோல் நடக்கும். அதற்கு வீணைப் பயிற்சியோடு, காசியில் கேட்ட இந்துஸ்தானி இசையும் ஒரு காரணம் என்பார்கள்.

கங்கை தந்த வீணை

காசியில் நடந்ததாக ஒரு செய்தியைத் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறார்கள்.

ஒரு நாள் யோகி, தீட்சிதரைக் கங்கையில் இறங்கிக் கையை நீட்டச் சொன்னார். தீட்சிதர் அப்படியே செய்தார். அவர் கையில் ஒரு வீணை வந்தது! அதில் ராம நாமம் பொறித்திருந்தது. மற்ற வீணைகளில் யாளி முகம் கீழ்நோக்கி வளைந்திருக்கும். இந்த வீணையில் அது மேல்நோக்கி இருந்தது. அதன் பிறகு யோகி கங்கையிலேயே சமாதி அடைந்தார் என்பது வரலாறு.

குருவை இழந்த தீட்சிதர் வீணையோடு ஊர் திரும்பினார். திருத்தணிக்குப் போய்த் தியானம் செய்தார். அங்கே ஒரு பெரியவர் வந்து அவர் வாயில் கற்கண்டு போட்டாராம். உடனே பாட்டு பிறந்தது. வந்தவர் முருகனே என்று தீட்சிதர் உணர்ந்தார். அன்று முதல் தம் பாட்டுகளில் "குருகுஹ" என்ற முருகன் பெயரையே முத்திரையாக வைத்தார்.

காஞ்சியில் நான்கு ஆண்டுகள்

திருத்தணியிலிருந்து காஞ்சி அதிக தூரம் இல்லை. தீட்சிதர் காஞ்சிக்கு வந்தார்.

அங்கே உபநிஷத் பிரம்மம் என்று ஒரு துறவி இருந்தார். 108 உபநிஷதங்களுக்கு உரை எழுதிய மேதை. தீட்சிதர் அவரிடம் வேதாந்தப் பாடம் கேட்டார். அந்தத் துறவி ராமர்மேல் அஷ்டபதி இயற்றியிருந்தார். அதற்குத் தீட்சிதர் இசை அமைத்துக் கொடுத்தார். குருவுக்குச் சீடர் தந்த காணிக்கை அது. ஆனால் அந்த இசை இப்போது கிடைக்கவில்லை. பாடிப் பாடிக் காப்பாற்ற ஆள் இல்லாமல் மறைந்துவிட்டது.

காஞ்சிக் கோயில்களைப் பற்றி அவர் பாடிய பாட்டுகள் மறையவில்லை. காமாட்சி அம்மன்மேல் கமலா மனோகரி ராகத்தில் பாடினார். வரதராஜப் பெருமாள்மேல் சாரங்கா ராகத்தில் பாடினார். பஞ்ச பூதத் தலங்களில் மண்ணுக்கு உரியது காஞ்சி ஏகாம்பரநாதர் கோயில். அதற்குப் பைரவி ராகத்தில் பாடினார். பிறகு திருவானைக்கா, திருவண்ணாமலை, காளத்தி, சிதம்பரம் ஆகிய மற்ற நான்கு தலங்களுக்கும் பாடினார். சைவம், வைணவம் என்ற பேதம் அவருக்கு இல்லை. எந்தக் கோயிலில் நின்றாலும், அந்தத் தலத்தின் பெருமையையும் ராகத்தின் பெயரையும் பாட்டுக்குள்ளேயே வைத்துவிடுவார்.

தீட்சிதர் பாட்டுகளைக் கேட்டால் வீணையைக் கேட்பதுபோலவே இருக்கும். ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்துக்குத் தாவ மாட்டார். வழுக்கிக்கொண்டு போவார். அசைத்து, வளைத்து, இழைத்துப் பாடுவார். இதற்குக் கமகம் என்று பெயர். வீணையில் கமகம் எப்படி வருகிறது? மெட்டின்மேல் தந்தியை அழுத்தி, பக்கவாட்டில் இழுத்தால் வருகிறது.

இனிமையும் அதில்தான் இருக்கிறது. செலவும் அதில்தான் இருக்கிறது!

மெழுகு இளகும், மெட்டு தேயும்

தந்தியை இழுக்க இழுக்க, அது மெட்டின்மேல் உராய்கிறது. நாளடைவில் மெட்டில் சிறு பள்ளம் விழுகிறது. கிணற்றுக் கயிறு கல்லைத் தேய்ப்பதுபோலத்தான். பள்ளம் விழுந்த மெட்டில் தந்தி சரியாக உட்காராது. கரகரவென்று இரையும். சுரம் பிசகும்.

அடுத்தது மெழுகு. வீணைத் தண்டியின் இரு ஓரங்களிலும் வயல் வரப்பு போல மெழுகு வைத்திருக்கும். தேன்மெழுகோடு கரிப்பொடி கலந்து பிசைந்த கறுப்பு மெழுகு அது. அதன்மேல்தான் மெட்டுகள் உட்கார்ந்திருக்கின்றன. வெயிலில் வைத்தால் மெழுகு இளகும். மெட்டு நகரும். அல்லது மெழுகு பழசாகிக் காய்ந்து வெடிக்கும். மெட்டு ஆடும். மயிரிழை நகர்ந்தாலும் சுரம் கெட்டுவிடும்.

தறியில் பாவு இழை ஒன்று தளர்ந்தாலும் சேலையில் அது தெரிந்துவிடும். காஞ்சி நெசவாளிக்கு இது நன்றாகத் தெரியும். வீணையும் அப்படித்தான்.

கங்கை தந்த வீணையானாலும் மரமும் மெழுகும் உலோகமும் சேர்ந்ததுதான் வீணை. காசியிலும் காஞ்சியிலும் திருவாரூரிலும் கோடைக்குக் குறைவில்லை. வருஷக்கணக்கில் கமகம் வாசித்த வீணைக்கு மேளம் கட்டாமல் முடியாது. எந்த வித்துவானும் இந்தச் செலவிலிருந்து தப்ப முடியாது.

மேளம் கட்டுவது எப்படி? முதலில் பழைய மெட்டுகளை எடுத்துவிடுவார்கள். பழைய மெழுகைச் சுரண்டி எடுப்பார்கள். புது மெழுகைச் சூடு காட்டிப் பிசைந்து, இரு ஓரங்களிலும் வரப்பு போல வைப்பார்கள். பிறகு ஒவ்வொரு மெட்டாகப் பதிப்பார்கள். தந்தியை மீட்டிப் பார்ப்பார்கள். சுரம் சேரும்வரை மெட்டை மேலும் கீழும் நகர்த்துவார்கள். சேர்ந்ததும் அழுத்தி நிறுத்துவார்கள். இப்படி 24 முறை! அளவுகோல் இடத்தைக் காட்டலாம். முடிவு சொல்வது காது. ஆகவே கைவேலை தெரிந்தால் போதாது; சுர ஞானமும் வேண்டும்.

மேல்நாட்டுக் கித்தாருக்கும் மெட்டு உண்டு. அதுவும் தேயும். ஆனால் கித்தாரில் மெட்டை மரத்தில் வெட்டிய பள்ளத்தில் அடித்து இறக்கியிருப்பார்கள். பிடுங்கும்போது மரம் சிதறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வீணையில் அந்தப் பயம் இல்லை. மெழுகைச் சூடாக்கினால் மெட்டு கையோடு வந்துவிடும். மரத்துக்கு ஒரு கீறலும் விழாது. எத்தனை முறை வேண்டுமானாலும் புதுப்பிக்கலாம். நம் முன்னோர் செய்த யுக்தி இது!

எதற்குச் செலவு? எதைப் பார்க்க வேண்டும்?

வீட்டில் பழைய வீணை இருக்கிறது. குழந்தை பாட்டு கற்க ஆசைப்படுகிறது. மேளம் கட்டலாமா, புது வீணை வாங்கலாமா? குடும்பத் தலைவர்களுக்கு எழும் கேள்வி இது.

முதலில் மரத்தைப் பார்க்க வேண்டும். நல்ல வீணை பலா மரத்தால் செய்யப்படுகிறது. பலா மரம் பழகப் பழக நாதம் கூடும். குடத்தில் வெடிப்பு இல்லாமல், தண்டி வளையாமல் இருந்தால், மேளம் கட்டுவதே புத்திசாலித்தனம். புது வீணையின் விலையில் இது ஒரு சிறு பங்குதான் ஆகும். தண்டி வளைந்திருந்தால் முதலில் அதைச் சரி செய்ய வேண்டும். அதை விட்டுவிட்டு மேளம் மட்டும் கட்டினால் பணம் வீண்.

அடுத்து, எவ்வளவு வேலை தேவை என்று பார்க்க வேண்டும். ஒன்றிரண்டு மெட்டு மட்டும் நகர்ந்திருந்தால், அந்த இடத்து மெழுகைச் சூடு காட்டித் திருத்தினால் போதும். பள்ளம் ஆழமில்லை என்றால் அரத்தால் ராவிச் சமன் செய்யலாம். பள்ளம் ஆழமாகிவிட்டால் புது மெட்டு போட வேண்டும். மெழுகு முழுவதும் காய்ந்துவிட்டால் முழு மேளம் கட்டத்தான் வேண்டும்.

மெழுகுக்கும் உலோகத்துக்கும் ஆகும் செலவு சொற்பம். பெரும் செலவு தொழிலாளியின் நேரத்துக்கும் காதுக்கும்தான். அதில் பேரம் பேசினால் நஷ்டம் நமக்கே. தொழிலாளி இருக்கும் ஊருக்கு வீணையைக் கொண்டுபோகும் செலவையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். வீணைக்குப் பேர் போனது தஞ்சாவூர். தஞ்சாவூர் வீணைக்கு 2013-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது.

மேளம் கட்டுவதற்கு முன்பே புதுத் தந்தி போட்டுவிடுவது நல்லது. தந்தியின் பருமன் மாறினால் சுர இடமும் சற்று மாறும். வாசிப்பவரும் கூட இருந்து, தம் கையால் வாசித்துப் பார்ப்பது இன்னும் நல்லது. வேலை முடிந்து வீட்டுக்கு வந்த வீணையை வெயிலிலோ அடுப்பங்கரை ஓரத்திலோ வைக்கக் கூடாது. மூடிய காருக்குள் வைத்துவிட்டுப் போகவும் கூடாது. மெழுகு இளகினால் செய்த செலவெல்லாம் போய்விடும்!

வளையலை வாங்காத குரு

காஞ்சியிலிருந்து தீட்சிதர் பல தலங்களைத் தரிசித்துக்கொண்டு திருவாரூர் போய்ச் சேர்ந்தார். அவர் நெடுங்காலம் வாழ்ந்தது அங்கேதான். கமலாம்பாள்மேல் நவாவரணப் பாட்டுகள் பாடினார். தம்பியப்பன் என்ற சீடர் தீராத வயிற்றுவலியால் துடித்தார். அவருக்காகக் குரு பகவான்மேல் ஒரு பாட்டு இயற்றிப் பாடச் சொன்னார். வலி நீங்கியது என்பார்கள். நவக்கிரகப் பாட்டுகள் பிறந்த கதை இது.

பாட்டுக்குக் குறைவில்லை, வீட்டில் அரிசிக்குத்தான் குறைவு! தீட்சிதர் மன்னர்களைப் பாடிப் பணம் தேடியவர் அல்ல. சீடர்களுக்கும் தம் வீட்டிலேயே சோறு போட வேண்டும்.

ஒரு நாள் வீட்டில் சமைக்க ஒன்றும் இல்லை. கமலம் என்பவர் அவருடைய சீடர். திருவாரூர்க் கோயிலில் நாட்டியம் ஆடியவர். அவருக்கு இது தெரிந்தது. தம் தங்க வளையல்களை அடகு வைத்து மளிகை வாங்கி வர முன்வந்தார். தீட்சிதர் ஒப்புக்கொள்ளவில்லை. சீடரின் நகையை விற்று வயிறு வளர்ப்பதா? அவர் தியாகராஜர் சந்நிதிக்குப் போய்ப் பாடிவிட்டுத் திரும்பினார். வீட்டு வாசலில் வண்டி நிறைய அரிசியும் பருப்பும் நின்றன! தஞ்சையிலிருந்து வருவதாக இருந்த ஓர் அதிகாரிக்காகச் சேகரித்த பொருள்கள் அவை. அவர் வரவில்லை. பொருள்களைத் தீட்சிதர் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

நகை வேண்டும் என்று மனைவி ஆசைப்பட்டதாகவும் ஒரு கதை உண்டு. அரசரைப் பாடினால் நகை கிடைக்கும் என்று அவர் குறிப்பாகச் சொன்னாராம். தீட்சிதர் அரசரைப் பாடவில்லை. லட்சுமியை லலிதா ராகத்தில் பாடினார். அன்று இரவு மனைவியின் கனவில் லட்சுமி தோன்றினாள் என்றும், அதன் பிறகு அவருக்கு நகை ஆசையே போய்விட்டது என்றும் சொல்லுவார்கள்.

பணத்துக்காகப் பாட்டை விற்கவில்லை. ஆனால் பாட்டைச் சொல்லிக் கொடுப்பதில் கஞ்சத்தனமும் காட்டவில்லை. தஞ்சையில் பொன்னையா, சின்னையா, சிவானந்தம், வடிவேலு என்ற நான்கு சகோதரர்களுக்குச் சொல்லிக் கொடுத்தார். பரதநாட்டியக் கச்சேரிக்கு இன்றைய அமைப்பைத் தந்தவர்கள் இந்தத் தஞ்சை நால்வர்தாம். வீட்டில் அரிசி இல்லாத குரு, நாட்டுக்கு இத்தனை பெரிய செல்வத்தைக் கொடுத்துவிட்டார்!

எட்டயபுரத்தில் தீபாவளி

தம்பி பாலுசுவாமி எட்டயபுரம் சமஸ்தானத்தில் வித்துவானாக இருந்தார். பாரதியார் பிறந்தாரே, அதே எட்டயபுரம். தம்பியைப் பார்க்கத் தீட்சிதர் புறப்பட்டார். வழியெல்லாம் பயிர் வாடிக் கிடந்தது. அதைக் கண்டு மனம் இரங்கி, அமிர்தவர்ஷிணி ராகத்தில் அம்பாளைப் பாடினார் என்றும் மழை கொட்டியது என்றும் சொல்லுவார்கள்.

1835-ஆம் ஆண்டு. தீபாவளி நாள். ஊர் எங்கும் கொண்டாட்டம். மதுரை மீனாட்சிமேல் தாம் இயற்றிய பாட்டைச் சீடர்களைப் பாடச் சொல்லிக் கேட்டார் தீட்சிதர். கேட்டபடியே கண்ணை மூடினார். அதுவும் மன்மத வருஷம்! அவர் பிறந்த வருஷம் ஒரு சுற்று சுற்றி மீண்டும் வந்திருந்தது. எட்டயபுரத்தில் அவருடைய சமாதி இருக்கிறது.

பாட்டுக்கும் மேளம் கட்டினார்

தீட்சிதர் போய்விட்டார். பாட்டுகள் என்ன ஆகும்? அந்தக் காலத்தில் ஒலிப்பதிவு இல்லை. குரு பாட, சீடர் பாட, அப்படியேதான் பாட்டு வாழ்ந்தது. ஒரு வாயிலிருந்து இன்னொரு வாய்க்குப் போகும்போது தேயும். தேய்ந்த மெட்டு போலச் சுரம் பிசகும். காஞ்சியில் அமைத்த அஷ்டபதி இசை அப்படித்தானே போயிற்று?

இந்த ஆபத்தை உணர்ந்தவர் சுப்பராம தீட்சிதர். 1839-இல் பிறந்தவர். பாலுசுவாமியின் மகள் வயிற்றுப் பேரர். பாலுசுவாமியே அவரைப் பிள்ளையாகத் தத்து எடுத்துக்கொண்டார். தம்மிடம் இருந்த பாட்டுகளை எல்லாம் அவர் சுரப்படுத்தி எழுதினார். குடும்பச் சொத்தை ஊருக்குக் கொடுப்பது எளிதான காரியம் அல்ல. சின்னசுவாமி முதலியார் என்ற அன்பர் விடாமல் தூண்டினார். எட்டயபுரம் சமஸ்தானம் உதவியது. 1904-இல் "சங்கீத சம்பிரதாயப் பிரதர்சினி" என்ற பெரிய நூல் அச்சாகி வெளிவந்தது. தீட்சிதரின் பாட்டுகள் 200-க்கு மேல் அதில் இருக்கின்றன. முதலில் தெலுங்கு எழுத்தில் வந்தது. பிறகு தமிழ் எழுத்திலும் வந்தது.

அந்த நூலில் ஒரு விசேஷம். சுரங்களை மட்டும் எழுதிவிட்டு அவர் நிற்கவில்லை. எந்தச் சுரத்தை எப்படி அசைக்க வேண்டும், எங்கே இழுக்க வேண்டும் என்று கமகங்களுக்கும் அடையாளம் போட்டுக் காட்டினார். தளர்ந்த மெட்டுகளை எடுத்து, ஒவ்வொன்றையும் உரிய இடத்தில் பதிப்பதுபோன்ற வேலை அது. பாட்டனார் பாட்டுக்குப் பேரர் மேளம் கட்டினார் என்றே சொல்லலாம். நூல் வெளிவந்த இரண்டு ஆண்டுகளில், 1906-இல், அவரும் மறைந்தார். வேலை மட்டும் நின்றுவிட்டது. 1976-இல் இந்திய அரசு முத்துசுவாமி தீட்சிதருக்குத் தபால் தலை வெளியிட்டது.

வளையலுக்கும் நகைக்கும் ஆசைப்படாத மனிதர் விட்டுச் சென்றது பாட்டு ஒன்றுதான். அதைப் புதுப்பித்துக் காப்பாற்றப் பேரர் ஒருவர் இருந்தார். அதனால் இன்று காஞ்சிக் காமாட்சி சந்நிதியில் நின்று, அவர் பாடிய பாட்டை நாமும் பாட முடிகிறது. பல வீடுகளில் பரண்மேல் ஒரு பழைய வீணை தூங்கிக்கொண்டிருக்கும். பாட்டியோ அத்தையோ வாசித்த வீணையாக இருக்கும். மரம் நன்றாக இருக்கிறதா என்று இறக்கிப் பாருங்கள். நன்றாக இருந்தால், கொஞ்சம் மெழுகும், 24 மெட்டும், காது உள்ள ஒரு தொழிலாளியின் சில நாள் உழைப்பும் போதும். அது மறுபடியும் பேசும்.